எழுபது வளைவும் ஒரு நட்டும்

என் 100 சிசி வண்டியின் பின்சக்கரத்தில், பிரேக் கம்பியின் முனையில், ஒரு நட்டு இருக்கிறது. அதைத் திருக ஸ்பானர் கூட வேண்டாம். இரண்டு விரல் போதும். பிரேக் கொஞ்சம் கீழே இறங்கிப் பிடிக்கிறதா, குனிந்து இரண்டு சுற்று. அடுத்த மாதம் மறுபடி இறங்குகிறதா, இன்னும் இரண்டு சுற்று. மூன்று வருடம் இப்படியே ஓட்டினேன். வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நல்ல எண்ணம் வேறு.

தையல் கடைகளுக்கு நூல்கண்டு, பட்டன், ஜிப், காலர் கேன்வாஸ் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வீடு ராசிபுரம். பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் எல்லாம் என் லைன். வாரத்தில் ஒரு நாள் கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு, அப்புறம் செம்மேடு. ஏறும்போது பின்னால் 25 கிலோ சரக்கு. இறங்கும்போது பை காலியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரர் யாராவது பலாப்பழம் கட்டிவிடுவார், இல்லாவிட்டால் நானே அன்னாசி வாங்கிக் கட்டுவேன். எடைக் கணக்கு சமமாகிவிடும்.

அன்றைக்கும் பலாப்பழம்தான். சோளக்காட்டில் டீ குடித்துவிட்டு நாலு மணிவாக்கில் இறங்கத் தொடங்கினேன். இறக்கத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நியூட்ரலில் போட்டு விட்டுவிடுவேன்; வளைவு இல்லாத துண்டுகளில் எஞ்சினையும் அணைத்துவிடுவேன். பெட்ரோல் மிச்சமாம். வலது கால் பாதி எடையோடு பெடல் மேலேயே கிடக்கும். முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன். சைக்கிள் பழகும்போது அப்பா சொன்ன "முன் பிரேக்கப் பிடிச்சா குப்புறக் கவுத்துரும்" இன்னும் காதில் இருந்தது.

பாதி மலை இறங்கியிருப்பேன். ஒரு வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அடுத்த வளைவில் இன்னும் ஆழம். அதற்கடுத்ததில் பெடல் கடைசி வரை போய் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. கரிந்த வாடை வேறு. கீழேயிருந்து மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வருகிறது. நல்ல வேளை, அந்த நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிளட்சைப் பிடித்து இரண்டாவது கியருக்கு மிதித்து விட்டேன். எஞ்சின் அலறியது, பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கியது, வேகம் சட்டென்று விழுந்தது. அப்பா மன்னிக்க வேண்டும், முன் பிரேக்கையும் மெல்ல மெல்ல அழுத்தினேன். மலை ஓரத்து வடிகால் பக்கம் ஒதுங்கி நின்றபோது கால் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்து செய்யப் போனதுதான் இன்னும் பெரிய முட்டாள்தனம். பின்சக்கரத்தின் நடுவில், பிரேக் அடங்கியிருக்கும் உருளையான டிரம்மிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்ற மூடியைத் திறந்துவிட்டேன். பின்னால் வந்து நின்ற சரக்கு ஆட்டோக்காரர் இறங்கி ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்கண்ணா! டிரம் வெடிப்பு விட்ரும். அது பாட்டுக்கு ஆறட்டும்."

சரி என்று நட்டைத் திருகப் போனேன். பெடல் இறங்கிவிட்டதே, முறுக்க வேண்டாமா? அதற்கும் தடை போட்டார். சூட்டில் டிரம் விரிந்திருக்கும். இப்போது முறுக்கினால், ஆறிச் சுருங்கும்போது, உள்ளேயிருந்து டிரம்மை அழுத்துகிற பிரேக் ஷூவைக் கவ்விக்கொள்ளும் என்றார். அப்புறம் வண்டியை நியூட்ரலில் வைத்துத் தள்ளச் சொன்னார். பெடலில் கால் வைக்கவில்லை, ஆனாலும் பின்சக்கரம் இழுத்துப் பிடித்தபடிதான் நகர்ந்தது. சக்கரத்துக்கும் ஷூவுக்கும் காலையிலிருந்தே உரசல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டு, நட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, இரண்டாவது கியரிலேயே அடிவாரம் வரை இறங்கினேன். பலாப்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒரு நாள் செம்மேட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் பில் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். வண்டி, நான், பலாப்பழம் எல்லாம் சேர்த்து 200 கிலோ. இறக்கம் உத்தேசமாக 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு எடை இறங்கும்போது கிடைக்கும் சக்தி, சாதாரணத் தண்ணீர் ஐந்து லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூடு எங்காவது போக வேண்டும். கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும், காற்று ஒரு பங்கு. நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினுக்குப் பங்கே இல்லை; முன் பிரேக்கையும் தொடாதவனுக்கு, காற்று தின்றது போக மிச்சமெல்லாம் பின்னால் இருக்கிற ஒரே ஒரு சின்ன டிரம்மின் தலையில். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, அதனால் பெடல் ஆழமாகப் போகிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசல் பட்டையான லைனிங்கும் காய்ந்து பிடிப்பை இழக்கிறது. நான் மிச்சம் பிடித்த பெட்ரோல் ஒரு டீ காசுக்கு வந்திருந்தால் அதிகம்.

மலையில் பிரேக் போன மறுநாள் வழக்கமான கடைக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். கேள்வி கேட்காமல் ஸ்பானரைத் தொட மாட்டார். "கடைசியா வண்டில என்னங்க வேலை பார்த்தீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். முந்தின நாள் காலையில் வேறொரு கடையில் செயினை இழுத்துக் கட்டியதைச் சொன்னேன். சிரித்தார்.

செயின் தொளதொள என்று ஆனால் பின்சக்கரத்தைப் பின்னால் நகர்த்தித்தான் இறுக்குவார்கள். சக்கரம் பின்னால் போகிறது, பிரேக் கம்பியின் நீளம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் கம்பி, தன் முனை மாட்டியிருக்கும் பிரேக் ஆர்மை முன்னால் இழுத்துவிடும், பெடலைத் தொடாமலேயே பாதி பிரேக் பிடித்த மாதிரி. செயின் இறுக்கினால் கையோடு பிரேக் நட்டையும் பார்க்க வேண்டும், பின்விளக்கு ஸ்விட்சையும் பார்க்க வேண்டும். அந்தக் கடையில் அவசரத்தில் விட்டுவிட்டார்கள். நானும் அவசரத்தில் கிளம்பிவிட்டேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு வருட ஓட்டம் தேவைப்பட்டது.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். உள்ளே கறுப்புத் தூசி கைப்பிடி அளவு. நான் குனிந்து வாயால் ஊதப் போக, தலையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்த காலத்து ஆள் அவர். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால்தான் துடைத்தார், காற்றடிக்கும் குழாயைக் கூடப் பயன்படுத்தவில்லை. துடைத்ததும் ஷூ தெரிந்தது. லைனிங்கின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கியது. விரலை வைத்தால் வழுக்கியது. ஒரு முனையில் தடிமன் நகத்தளவு கூட இல்லை. பொதுவாக லைனிங் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். டிரம்மின் உள்பக்கம் ஷூ உரசிய இடம் பள்ளமாகி, ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு நின்றது. அதையும் அளந்தார். 130 மில்லிமீட்டர் டிரம் என்றால் 131 வரை தேயலாம், அதற்குமேல் போனால் புது ஷூ போட்டும் பயனில்லை. என்னுடையது தப்பித்தது.

தப்பாதது இன்னொன்று. பிரேக் ஆர்ம், கேம் தண்டின் பற்களில் செருகி நிற்கும் ஒரு துண்டு. கேம் திரும்பித்தான் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். நட்டு கடைசி வரை போனபிறகு, யாரோ அந்த ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். நட்டை முறுக்க மறுபடி இடம் கிடைத்துவிட்டது. நானும் சந்தோஷமாக முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். உள்ளே கேம், படுத்த நிலையிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாண்டியிருந்தால் கேம் புரண்டு, பெடலை விட்டாலும் ஷூ திரும்பாமல் சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கலாம். வளைவில் அது நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"முறுக்கறது தப்பில்லீங்க தம்பி. எவ்வளவு முறுக்கினோம்னு கணக்கு வேணும்" என்றார் பெரியவர்.

கணக்குப் பார்க்க வண்டியிலேயே வசதி இருக்கிறது. பிரேக் ஆர்முக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி. டிரம்மை மூடும் பிரேக் பிளேட்டில் அதற்கென்று ஒரு கோடு. பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தால், ஷூ தேயத் தேய அம்பு அந்தக் கோட்டை நெருங்கும். தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது, நட்டில் இடம் இருந்தாலும் சரி. ஆர்மைப் பல் மாற்றிப் போட்டால் சில வண்டிகளில் இந்த அம்பும் சேர்ந்து பொய் சொல்லும். எனக்கு அதுதான் நடந்தது. அப்படியே நான் அம்பைப் பார்த்துக் கிழித்துவிட்டேனா என்றால், அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயத்தை அவர் கையைப் பிடித்துக் காட்டினார். அந்த நட்டின் ஒரு முகத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். கம்பி நுழையும் உருளைத் துண்டின்மேல் அந்தப் பள்ளம் உட்கார வேண்டும். அதனால் நட்டு அரைச் சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று உட்காரும். அந்த 'டக்' வருவதற்கு முன்னால் விட்டுவிட்டால், போகிற வழியில் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் வைத்த அளவு மாறிவிடும். பெடலில் எவ்வளவு வெறும் அசைவு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முந்திய அசைவு, வேண்டும் என்றால், என் மாதிரி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். சரி செய்தபின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, உரசல் சத்தம் இல்லாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஸ்டாண்டு போட்டு ஒரு சுழற்று, அவ்வளவுதான் வேலை.

புது ஷூ போட்டார், இழுபட்டுப்போன ஸ்பிரிங்குகளை மாற்றினார், காய்ந்து இறுகிக் கிடந்த கேம் தண்டைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். கிரீஸ் வைத்த விதம் இருக்கிறதே, குழந்தைக்குக் கண் மை இடுகிற மாதிரி. அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும், கிரீஸ் குடித்த லைனிங் பிறகு தேறாது. உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உப்புத்தாள் மினுமினுப்புக்கு மருந்து, எண்ணெய்க்கு மருந்து இல்லை. புது ஷூ முதல் நாளே நன்றாகப் பிடிக்காது என்றும், டிரம்மோடு பழக 200 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டச் சொல்லியும் அனுப்பினார். அந்த வாரம் மலை லைனைத் தள்ளிப் போட்டேன்.

முன் பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, முன்டயர் தரையை அழுத்திக் கவ்வுகிறது, பின்டயர் லேசாகிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தின் கையில் என்பதால் அதை ஒதுக்கிவைத்து ஓட்டுவது பாதி பிரேக்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவது மாதிரி. அப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மணல் கிடக்கிற வளைவில், கைப்பிடி திரும்பியிருக்கும்போது வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வோம். நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்னாலேயே, இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டால் வளைவுக்குள் பிரேக்கே தேவைப்படாது. 2019 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் சின்ன வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாவிட்டால், ஒன்றைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு கட்டாயம். அந்த வண்டிக்காரர்கள் பின் நட்டைத் தங்கள் இஷ்டத்துக்கு முறுக்கினால் முன்பக்கச் சமநிலையும் கெடும். கையேட்டில் சொன்ன வரிசையில் செய்யுங்கள்.

இவ்வளவு பாடம் படித்தவன் அடுத்த ஆறு மாதத்தில் கிளட்சைக் கெடுத்தேன். பிரேக் வைத்தியத்தை அப்படியே கிளட்சுக்கும் பார்த்ததுதான் காரணம்.

முதலில் மைலேஜ் குறைந்தது. அப்புறம் ஏற்றத்தில் வண்டி சோம்பியது. கிளட்ச் லிவரை விடும்போது, முன்பெல்லாம் பாதியில் பிடிக்கிற வண்டி, இப்போது லிவர் முழுதாக வெளியே வந்த பிறகுதான் நகர்ந்தது. பிடிப்பு குறைந்துவிட்டது, அப்படியானால் முறுக்க வேண்டும். என் மூளை அவ்வளவுதான் யோசித்தது. லிவர் பக்கத்து அட்ஜஸ்டரைத் திருகி வயரை இழுத்துக் கட்டினேன். லிவர் விறைப்பாக நின்றது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மலை ஏறும்போது இருபதாவது வளைவைத் தாண்டியதும் எஞ்சின் கத்துகிறது, வண்டி நத்தை மாதிரி ஊர்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நடந்தே என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

பெரியவர் லிவரைத் தொட்டுப் பார்த்தார், அசைவே இல்லை.

"பிரேக்கு தேஞ்சா லூசாகும்ங்க. கிளச்சு தேஞ்சா டைட்டாகும். ரெண்டையும் ஒரே மாதிரி முறுக்கினா எப்படிங்க?"

தலைகீழாக இருக்கிறதே என்று எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது. கிளட்ச் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். நாம் லிவரை இழுத்தால் அந்த அழுத்தம் விலகும். தட்டுகள் தேய்ந்தால் அடுக்கின் உயரம் குறைகிறது, அழுத்துகிற தட்டு, அதை விலக்குகிற அமைப்பை நெருங்கி வந்துவிடுகிறது. லிவரில் இருந்த வெறும் அசைவு தானாகவே குறைந்து, கடைசியில் இல்லாமல் போகிறது. அசைவு இல்லை என்றால், நாம் கையே வைக்காதபோதும் யாரோ லேசாகக் கிளட்ச் பிடித்துக்கொண்டே வருகிற மாதிரி. தட்டுகள் வழுக்கும், சூடாகும், இன்னும் தேயும். அந்த நேரத்தில் வயரைத் தளர்த்தியிருக்க வேண்டும். நான் முறுக்கி, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றினேன். வயர் நீண்டுபோனால் மட்டும் கதை மாறும், அப்போது அசைவு அதிகமாகும், முறுக்கலாம். லிவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெறும் அசைவு இருக்க வேண்டும். கைப்பிடியை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி வைத்தும் அது மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் வயர் எங்கோ மடங்கியோ சிக்கியோ போகிறது.

"ஆயில் என்ன ஊத்தினீங்க?" என்பது அவரது அடுத்த கேள்வி. இங்கேதான் மாட்டினேன். மச்சான் காருக்கு ஆயில் மாற்றியபோது மிச்சமிருந்ததை "வீணாப் போவுது மாப்ளே, நீ ஊத்திக்கோ" என்று கொடுத்தான். நல்ல கம்பெனி ஆயில், விலை அதிகம், ஓசியில் வேறு. ஊற்றிவிட்டேன். காரில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. நம் வண்டியில் எஞ்சின், கியர், கிளட்ச் தட்டு எல்லாம் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. சில கார் ஆயில்களில் உரசலைக் குறைப்பதற்கென்றே மருந்து கலந்திருப்பார்கள். எஞ்சினுக்கு நல்லது, உரசலை நம்பியே பிழைக்கிற கிளட்சுக்கு ஆகாது. டப்பாவின் பின்னால் ஜேசோ எம்ஏ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எம்ஏ2 என்றாலும் சரி. ஜப்பான்காரர்கள் 1998இல் இந்தத் தரத்தைக் கொண்டுவந்ததே இந்தக் கிளட்ச் வழுக்கல் தொல்லைக்காகத்தான். எம்பி என்று போட்டிருப்பது கியரில்லாத ஸ்கூட்டருக்கானது. அதில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை.

கிளட்ச் வழுக்குகிறதா என்று சந்தேகம் வந்தால் காலியான சமதள ரோட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடைசி கியரில் 40 வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நலம். சத்தம் மட்டும் எகிறி, வேகம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் வழுக்குகிறது. முதலில் லிவர் அசைவைச் சரி செய்யுங்கள், அப்புறம் ஆயிலை மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் சரியாகாவிட்டால்தான் மூடியைக் கழற்ற வேண்டும். பல கடைகளில் நேராக மூன்றாவதற்குப் போய்விடுவார்கள்.

என் வண்டிக்கு மூன்றாவதுதான். வலதுபக்க மூடியைத் திறந்ததும் தீய்ந்த வாடை. உரசிப் பிடிக்கிற தட்டுகளான கார்க் பிளேட்டுகள் கறுத்துப்போயிருந்தன. இடையில் இருக்கும் இரும்புத் தட்டுகளில் ஒன்று மயில்கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்து கிடந்தது, சூட்டின் கைவரிசை. பெரியவர் அதை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விளிம்பில் விரலால் தட்டினார். 'கிடுகிடு' என்று ஆடியது, வளைந்துவிட்டது. பழைய ஸ்பிரிங்கையும் புது ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழசு ஒரு நூல் குட்டையாக இருந்தது. தட்டுகள் அடுக்கியிருக்கும் கூடான பெல்லின் விரல்களில் தட்டுகள் இடித்த பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். பள்ளம் ஆழமாக இருந்தால் புதுத் தட்டும் அதில் சிக்கி நிற்குமாம்.

புது கார்க் பிளேட்டுகளை உடனே மாட்டவில்லை. தன் டிபன் பாக்ஸ் மூடியில் ஆயிலை ஊற்றி அதில் தட்டுகளை ஊறப் போட்டுவிட்டு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காய்ந்த தட்டை மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும் என்றார். அந்த மூடியில் மறுநாள் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து, மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை பிளேடால் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, புதுசு வைத்து மூடினார். பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். ஓசி ஆயிலின் விலை.

ஆனால் ஆயிலையும் நட்டையும் மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு இறங்கச் சோம்பல்பட்டு, இரண்டாவதிலேயே பாதி கிளட்ச் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவேன். வளைவு 70, வாரம் ஒரு முறை. சமதளத்திலும் இரண்டு விரல் எப்போதும் லிவர் மேல் இருக்கும். இப்போது விரலை எடுத்துவிட்டேன். முதல் மாதம் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தது.

வழுக்கலுக்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. லிவரை முழுதாகப் பிடித்தும் கிளட்ச் விலகாது. சிக்னலில் நியூட்ரல் சிக்காமல் கால் தடவிக்கொண்டே இருக்கும், முதல் கியர் 'கட்டாங்' என்று விழும், பிடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கும். பெரும்பாலும் லிவரில் அசைவு அதிகமாகிவிட்டதுதான் காரணம்; இதற்கு முறுக்கலாம். முறுக்கியும் தீராவிட்டால் தட்டு வளைந்திருக்கலாம், இல்லை பெல் பள்ளம். காலையில் முதல் கியர் மட்டும் சத்தத்தோடு விழுந்தால் பயப்பட வேண்டாம், இரவில் ஆயில் பசையில் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிளட்ச் வயர் அறுந்தது காளப்பநாயக்கன்பட்டி சந்தை முன்னால். முன்னறிவிப்பு இல்லாமல் அறுந்தது என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு வாரமாக லிவர் கனத்திருந்தது. ஒரு நாள் காலை லிவருக்கு அடியில் விரலில் ஊசி மாதிரி ஏதோ குத்தியது; வயரின் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. நூல் வியாபாரிக்கு இழை பிரிந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? கட்டிங் பிளேயரால் நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கிவிட்டுப் போய்விட்டேன்.

கடைகள் மூடிவிட்ட நேரம். கிளட்ச் இல்லாமலே வீடு வந்தேன். நியூட்ரலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையை உந்தி வண்டி நகரத் தொடங்கியதும் முதல் கியரை மிதித்தேன். ஒரு உலுக்கல், கிளம்பிவிட்டது. மேல் கியர்களுக்கு, ஆக்சிலேட்டரை ஒரு கணம் முழுதாக விட்டு, விட்ட அதே கணத்தில் மிதிக்க வேண்டும். தயங்கினால் இடிக்கும், சரியான நேரத்தில் மிதித்தால் வெண்ணெய் மாதிரி விழும். நிற்க வேண்டுமென்றால் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். எனக்கு மாலை நேரத்துக் கிராமத்து ரோடு, சிக்னல் இல்லை, சமதளம். நெரிசலிலும் மலையிலும் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம். தள்ளிக்கொண்டு போவது மேல்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். புது வயர் ஒன்றை, பழைய வயர் போகிற வழியிலேயே கூடவே ஓடவிட்டு, இரண்டு இடத்தில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்ட வேண்டியதுதான். வாங்கும்போது நீளத்தையும் முனைக் குண்டின் வடிவத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன்.

கணக்கு வேண்டும் என்று பெரியவர் சொன்னாரே, அதற்கு நான் கண்டுபிடித்த வழி இதுதான்: மாதத்தின் முதல் ஞாயிறு பின் பிரேக் நட்டுக்குப் பின்னால் கம்பியில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். ஷூ தேயத் தேய நட்டு முன்னால் போகும், பின்னால் மரை கூடும். புது ஷூ போட்ட அன்று 5. போன ஞாயிறு 14. பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மகளை உட்காரவைத்துப் பார்த்தேன். அம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி அகலம் பாக்கி இருக்கிறது. வியாழக்கிழமை மலை லைன். கறுப்பு நூல் இரண்டு பாக்ஸ், ஆறு அங்குல ஜிப் நாலு டஜன், அதற்குக் கீழே பிரேக் ஷூ ஒரு செட் என்று எழுதி வைத்திருக்கிறேன்.